காசிக்குப் புறப்பட்ட கருவாடு

ராயபுரத்தில் யாருக்காவது மரியாதை செய்ய வேண்டுமென்றால் நாங்கள் நல்ல வஞ்சிரக் கருவாடு கொடுத்தனுப்புவோம். மாலை போட்டால் மறுநாளே வாடிவிடும். கருவாடு மாதக்கணக்கில் தாங்கும்.

சென்ற ஆண்டு என் மகன் சூசை, காசியில் ஒரு கல்லூரியில் இன்ஜினீயரிங் படிக்க மனுப் போட்டுவிட்டு, "மதராஸ்காரனுக்கு அங்கே இடம் கொடுப்பாங்களா?" என்று சோறு இறங்காமல் கிடந்தான். நாலு பத்திரிகை படிக்கிற தகப்பன் சும்மா இருக்கலாமா? கல்லூரித் தலைவர் பெயருக்கு ஒரு கூடைக் கருவாடு கட்டி, ரயில் பார்சலில் போட்டுவிட்டு வந்து பெருமையாகச் சொன்னேன்.

சூசை தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நைனா! அவரு வெங்காயமே தொட மாட்டாராம்! என் படிப்பை நீயே முடிச்சுட்டியே!"

செருப்புக்கூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பார்சல் குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டே வரவேற்றார்.

"இன்னா சார், இன்னாத்த கட்டிக் குடுத்துட்டுப் போனே? ஜவுளி மூட்டைக்காரன் என்னை அடிக்க வந்துட்டான். வண்டியில ஏத்தல. அதோ மூலையில கீது, தூக்கினு போ!"

என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான வசவைக் கேட்டதில்லை.

கருவாட்டின் சிபாரிசு இல்லாமலே சூசைக்கு இடம் கிடைத்தது. அன்றே கூடையைப் பிரித்து வறுக்கச் சொல்லி, முதல் தட்டை அந்தக் குமாஸ்தாவிடம் கொண்டு போனேன். மூக்கைப் பொத்தாமலே சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் ஒருவர் என்ன சாப்பிடுவார் என்று விசாரிக்காமல் நான் கூடையைத் தொடுவதில்லை. காசிக்குக் கும்பிடு மட்டும் அனுப்புகிறேன், அது நாறாது.