டம்ளரில் இருந்தது கூழ்

அறிவு எல்லாருக்கும் பொது என்று நம்புகிறவர்கள் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், முதலில் டம்ளர்களை எடுத்து ஒளித்து வையுங்கள். வயிற்றெரிச்சலில்தான் சொல்கிறேன்.

கொல்லிமலைமேல் சோளக்காடு என்ற ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆள் வராத நேரத்தில் இணையத்தில் உள்ள ஒரு கட்டற்ற கலைக்களஞ்சியத்தில் எங்கள் மலையைப் பற்றி எழுதுவேன். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எழுதுகிறவர்கள் வருஷத்துக்கொரு முறை எங்காவது கூடுவோம். ஒரு வருஷம் கொல்லிமலையிலேயே கூடலாம் என்று முடிவானது. கொண்டை ஊசி வளைவு முழுக்க வாந்தி எடுத்தபடி ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டவள் என் அக்கா.

அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை. குடிக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள். சாராய வாடையோடு எவனாவது வந்துவிட்டுப் போனால் வாசலைக் கழுவி விடுவாள். அன்று எல்லாரும் தின்று முடித்த பிறகு, அடுப்படியில் வெந்த முகமும் கலைந்த தலையுமாக, கூட்டம் நடந்த மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, ராகிக் கூழை டம்ளரில் ஊற்றிக் கண்ணை மூடிக் குடித்தாள். சேலத்திலிருந்து கேமராவோடு வந்திருந்த தம்பி ஒருவன் அதைப் படம் எடுத்தான். "எடுத்தது பரவால்லீங்களா அக்கா?" என்று கேட்கவும் செய்தான்.

"எடுத்துக்க சாமி. இந்த மூஞ்சிய வெச்சு நீ என்ன பண்ணப் போற?" என்று சிரித்தாள் அக்கா.

என்ன பண்ணினான் என்றால், கட்டற்ற உரிமத்தில் இணையத்தில் ஏற்றினான். அதாவது யாரும் அதை எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம். படம் பிடித்தவன் பெயரைப் போட்டால் போதும். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. படத்துக்குக் கீழே 'குவளையுடன் மலைவாழ் பெண்' என்று எழுதியிருந்தான். எங்கள் படப்போட்டியில் அதற்கே முதல் பரிசு.

சில மாதங்கள் கழித்து, மலைக்கு வரும் பஸ்களில் ஒரு குடிமறுவாழ்வு மையத்தின் போஸ்டரை ஒட்டினார்கள். அக்காவின் மூடிய கண், கலைந்த தலை, கையில் டம்ளர். மேலே கொட்டை எழுத்தில், 'உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறாரா?' கீழே பொடி எழுத்தில் சேலத்துத் தம்பியின் பெயர்.

அவள் குடிக்க மாட்டாள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள், பாவிகள். "ஏனுங்கக்கா, இன்னிக்கி எத்தன ரவுண்டு?" என்று பஸ்ஸில் ஒருத்தன் கேட்பான். பின்சீட்டுக்காரன் ஊறுகாய் பாக்கெட்டை நீட்டுவான். ஊரைத் தெரியாதவர்களோ உண்மை என்றே நினைத்தார்கள். அடிவாரத்திலிருந்து பள்ளிக்குப் புதிதாக மாறி வந்த ஆசிரியை, அக்கா அடுப்பைப் பற்றவைக்கும்போது பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சிப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் விடாமல் அது நடந்தது.

"இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன் கண்ணு? அந்தப் படத்த மட்டும் எடுத்துரச் சொல்லு," என்றாள் அக்கா.

மையத்துக்குப் போன் போட்டேன். "உரிமம் பாத்துட்டுத்தான் மேடம் எடுத்தோம், பேர்கூடப் போட்டிருக்கோம்," என்று வைத்துவிட்டார்கள். சரி, நம் ஆட்கள்தானே என்று கலைக்களஞ்சியத்தில் படத்தை நீக்கச் சொல்லி எழுதினேன். நீக்கலாமா வைக்கலாமா என்று எல்லாரும் கருத்துச் சொல்வது எங்கள் வழக்கம். சொன்னார்கள். 'பொது இடத்தில் எடுத்தது, வைக்கலாம்.' 'அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், வைக்கலாம்.' 'மலைமக்கள் வாழ்வைக் காட்டும் அரிய படம், கட்டாயம் வைக்கலாம்.' எழுதியவர்களில் பாதிப் பேர் அவள் கையால் வயிறு முட்டத் தின்றவர்கள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்ய இவர்களுக்கு ஒரு விதிமுறையும் இருந்தது.

தொலையட்டும், டம்ளரில் இருப்பது கூழ் என்றாவது தெரியட்டும் என்று படத்தின் கீழே அதைச் சேர்த்தேன். மறுநாளே கலைக்களஞ்சியத்தின் நிர்வாகி அதை அழித்துவிட்டார். 'டம்ளருக்குள் இருப்பது படத்தில் தெரியவில்லை. சான்று தேவை.' நான் அவள் தங்கச்சி, பக்கத்திலேயே நின்று பார்த்தேன் என்று எழுதினேன். நேரில் பார்த்தது சான்றாகாது, எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும் என்றார். அச்சில் வந்தது அந்தப் போஸ்டர் ஒன்றுதான்.

அடுத்த வருஷமும் சோளக்காட்டிலேயே கூடுவதாக முடிவு செய்தார்கள். போன தடவை சாப்பாடு பிரமாதமாம். அக்கா சமைக்க ஒத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சூடு சொரணை இருக்குதா உனக்கு?" என்று கத்தினேன்.

"நேர்ல சொன்னா மனுசங்களுக்குப் புரியும் கண்ணு. நான் வாரேன்."

போசி நிறையக் கூழோடு வந்தாள். எல்லாரும் பார்க்க ஒரு டம்ளர் ஊற்றி நிர்வாகியிடம் நீட்டினாள். "நீங்களே குடிச்சுப் பாருங்க சாமி." அவர் குடித்தார். "நல்லா இருக்குங்கக்கா," என்று இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தார். பிறகு அக்கா அதே படியில் போய் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் கலைத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் குடித்தாள்.

"இப்பப் புடிங்க. இதுக்குக் கீழ கூழுன்னு எழுதிப் போடுங்க. அந்தப் பழசத் தூக்கிருங்க."

கைதட்டினார்கள். சேலத்துத் தம்பி வளைத்து வளைத்துப் படம் எடுத்து, கூழ் என்றே எழுதி அங்கேயே ஏற்றினான். அக்காவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அன்று எல்லாருக்கும் குழம்பைக் கூடவே ஊற்றினாள்.

ஒரு வாரம் போனது. புதிய படத்தின் கீழே கருத்துகள் வந்திருந்தன. 'உட்காரவைத்து எடுத்தது, இயல்பாக இல்லை.' 'இதே பெண்ணின் தரமான படம் ஏற்கெனவே இருக்கிறது.' புதியதை நீக்கிவிட்டார்கள். நீக்கியவர், ரெண்டு டம்ளர் கூழ் குடித்த அதே நிர்வாகி. பழைய படம் அப்படியேதான் இருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். "நேர்ல குடிச்சாரே கண்ணு," என்று மட்டும் சொன்னாள்.

இப்போதும் பள்ளியில் சமைக்கிறாள். இப்போதும் அந்த ஆசிரியை மூக்கை உறிஞ்சுகிறார். வீட்டில் கூழ் குடிக்கும்போது அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள். நான் மட்டும் இருந்தாலும் அப்படித்தான்.