இரண்டாம் பந்தியில் ஒரு பிழை

1. நாலு வரிக் கடிதம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் அடித்த கடிதம் மொத்தம் நாலு வரி. அது ஏழு தடவை திரும்பி வந்தது.

கொட்டாஞ்சேனையில் கறுவாவும் மிளகும் ஏற்றுமதி செய்கிற சிறிய கம்பனி. கீழே ஸ்டோர், மேலே ஒபிஸ். படியேறும்போதே இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் கதிரையில் உட்காரலாம். ஆங்கிலக் கடிதங்களை அடிப்பது என் வேலை. அவற்றைத் திருத்துவது மனேஜர் நடராசா சேரின் வேலை. அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சை மைப் பேனை இருக்கும். ஈமெயில் வந்த பிறகும் அவர் மாறவில்லை. ஒவ்வொன்றையும் பிரின்ட் எடுத்து அவர் மேசையில் வைக்க வேண்டும். பச்சை மையால் திருத்துவார். திருத்தியதை அடித்து மறுபடி காட்டிய பிறகுதான் அனுப்பலாம்.

அன்றைக்கு நான் ‘ப்ளீஸ்’ என்று அடித்திருந்தேன். வெட்டிவிட்டு ‘கைன்ட்லி’ போட்டார். அதை அடித்துக்கொண்டு போனால், ‘கைன்ட்லி’யை வெட்டிவிட்டு ‘ப்ளீஸ்’ போட்டார்.

“சேர், நான் முதல் இதைத்தானே போட்டனான்?”

“அப்ப அது சரியா வரேல்ல பிள்ளை. இப்ப வருது.”

வீடு திரும்பும்போது வெள்ளவத்தை பஸ்ஸில் நின்றபடியே அழுதேன். நாளைக்கு வரமாட்டேன் என்று முடிவும் செய்தேன். விடிந்ததும் கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது, வந்துவிட்டேன்.

2. பிழை விடுகிற விதம்

மூன்றாவது மாதம் ஒரு நாள் அவசரத்தில் ‘ஷிப்மென்ட்’ என்ற சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். சேர் கண்டுபிடித்தார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. அந்தச் சொல்லைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டார்.

“பாத்தீங்களா பிள்ளை? நான் பாக்காட்டி இது ஜெர்மனி வரைக்கும் போயிருக்கும்.”

வேறு ஒன்றையும் தொடவில்லை. அந்த ஓர் எழுத்தைத் திருத்திக்கொண்டு போனதும் கையெழுத்து விழுந்தது. எனக்கு அன்றுதான் விஷயம் பிடிபட்டது. சேருக்குப் பிழையில்லாத கடிதம் தேவையில்லை. தான் பார்த்ததற்கு ஓர் அடையாளம் தேவை. அது அகப்படாவிட்டால் நல்லதையும் கிளறுவார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே ஒரு பிழையை நானே போட்டேன். முதல் பந்தியில், அதாவது முதல் பாராவில், போட்டால் கவனமில்லாத பிள்ளை என்று நினைப்பார். கடைசியில் போட்டால் அங்கே வந்து சேரமுதல் வேறு நாலைக் கிளறிவிடுவார். ஆகவே இரண்டாம் பந்தி. இலக்கத்தில், பெயரில், திகதியில் கை வைக்கவே மாட்டேன். கள்ளத்தனத்துக்கும் ஒரு நேர்மை வேண்டாமா? இப்படியே வருஷங்கள் ஓடின. என் கடிதங்கள் ஒரே திருத்தத்தில் வெளியே போயின. எனக்கு உள்ளுக்குள் பெரிய பெருமை.

3. ஹனீபா நானா

சேருக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு எதிரி. எங்கள் எக்கவுண்டன்ட் ஹனீபா. எங்களுக்கெல்லாம் அவர் நானா, அதாவது அண்ணன். சேர் படித்தது யாழ்ப்பாணத்தில் பாதிரிமாரிடம். நானா கற்றது கப்பல் கம்பனிகளில், மாலுமிகளிடம். ‘ஷெடியூல்’ என்பார் சேர். ‘ஸ்கெஜுல்’ என்பார் நானா. ஒரு தடவை இதற்காகவே அரை நாள் போனது. கடைசியில் எங்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மன்காரரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் எப்படிச் சொல்கிறார் என்று இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். அந்த மனுஷன் பத்து நிமிஷம் பேசினார். அந்தச் சொல்லைச் சொல்லவேயில்லை. எல்லாவற்றையும் ‘லிஸ்ட்’ என்றே சொல்லி முடித்தார். நான் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தேன்.

சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

4. லெச்சுமி அக்காவின் கடிதம்

லெச்சுமி அக்கா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். காலையில் ஒபிஸைத் திறப்பார், கூட்டுவார், தேத்தண்ணி போடுவார், வங்கிக்கும் போஸ்ட் ஒபிஸுக்கும் போய்வருவார், பின்னேரம் பூட்டுவார். மட்டக்குளியில் கால்வாய் ஓரமாக ஒரு பலகை அறையில் வாடகைக்கு இருந்தார். மழை பெய்தால் தண்ணீர் கட்டில் கால் வரை வரும். பல வருஷம் காத்திருந்ததில் தொடர்மாடி வீட்டு லிஸ்டில் அவர் பெயர் வந்தது. வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வீடமைப்பு ஒபிஸில் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குள் கொடுக்காவிட்டால் வீடு அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அவர் கேட்டது திங்கட்கிழமை. நான் அன்றைக்கே அடித்துவிட்டேன். ஆனால் அவருடைய பதவியை ஆங்கிலத்தில் என்னவென்று போடுவது என்பதில் சேரும் நானாவும் மாட்டிக்கொண்டார்கள். சேருக்கு ‘மைனர் ஸ்டாஃப்’. நானாவுக்கு ‘ஒபிஸ் எய்ட்’. நான் அடித்தது ‘ஒபிஸ் அசிஸ்டன்ட்’. செவ்வாயும் புதனும் இதிலேயே போயின.

வியாழன் காலை சேர் கண் டொக்டரிடம் போனார். ஒரு மணிக்குக் கறுப்புக் கண்ணாடியோடு, ட்ரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். இரவு வரைக்கும் ஓர் எழுத்தும் தெரியாது.

“நானா, நீர் வாசியும். நான் கேக்கிறன்” என்றார்.

நானா வாசித்தார். சேர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “திரும்ப வாசியும்” என்றார். திரும்பவும் வாசித்தார்.

“ஒரு பிழையும் இல்லையே?”

“இல்ல சேர். நல்லாத்தான் ஈக்கி.”

“இருக்காது. வடிவாப் பாரும்.”

அன்று காலை புதிதாக அடித்த பிரதியிலும் நான் வழக்கம்போல இரண்டாம் பந்தியில் பிழை போட்டிருந்தேன். அது எழுத்துப் பிழை. காதுக்கு எப்படிக் கேட்கும்? பிழை அகப்படாத சேர் மறுபடியும் ‘மைனர் ஸ்டாஃப்’ பக்கம் திரும்பினார். நானா வரிந்துகட்டினார். மணி ஒன்றே முக்கால் ஆனது. இரண்டு ஆனது. லெச்சுமி அக்கா குடையோடு வாசலில் நின்றார். மணிக்கூட்டைப் பார்ப்பதும் சேரைப் பார்ப்பதுமாக நின்றார். இரண்டேகால் ஆனபோது அவருடைய கண் கலங்கியதைக் கண்டேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“சேர், ரெண்டாம் பந்தியில ஒரு பிழை இருக்கு. ‘எம்ப்ளோயி’ எண்ட சொல்லில ஒரு எழுத்துக் குறைவு. நான்தான் போட்டனான். வேணுமெண்டுதான் போட்டனான். எல்லாக் கடிதத்திலையும் போடுறனான்.”

நானா கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கீழே மிளகு அளக்கிற சத்தம் கேட்டது. என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“தெரியும் பிள்ளை” என்றார் சேர். “முதல் வருஷமே தெரியும். ஒரு ஆள் நாள் தவறாம ரெண்டாம் பந்தியில மட்டும் எப்பிடிப் பிழை விடும்?”

“அப்ப ஏன் சேர் ஒண்டும் சொல்லேல்ல?”

“எனக்கு அது பிடிச்சிருந்தது.”

“அப்ப நான் இவ்வளவு காலமும் சண்ட புடிச்சது? அதுவும் புடிச்சித்தான் ஈந்திச்சா?” என்றார் ஹனீபா நானா.

சேர் சிரிக்கத் தொடங்கினார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வந்தது, சொட்டு மருந்தோ சிரிப்போ தெரியாது. பிறகு பேனையை எடுத்தார்.

“வெறும் லெட்டர்ஹெட் ஒண்டு தாங்கோ. எவடத்தில வைக்கிறதெண்டு காட்டுங்கோ.”

வாசிக்காமல் ஒரு துண்டிலும் கையெழுத்து வைக்காத மனுஷன். அவருடைய விரலைப் பிடித்து வெறும் தாளின் அடியில் வைத்தேன். கோணலாக ஒரு பச்சைக் கையெழுத்து விழுந்தது.

“இதில அடியுங்கோ. இண்டைக்கு மட்டும் பிழை வேண்டாம்.”

“பதவிக்கு என்ன போட சேர்?”

சேர் வாசல் பக்கம் திரும்பினார். “லெச்சுமி, நீங்களே சொல்லுங்கோ.”

“எனக்கு என்னாங்க ஐயா தெரியும்? காலையில கதவு தொறக்குறேன், பொழுது போனா பூட்டுறேன். பதினாறு வருசமா சாவி ஏங்கிட்டத்தான் இருக்கு. அதுக்கு இங்கிலீசுல என்னா பேரோ அதப் போடுங்க.”

பதவிப் பெயர் ஒன்றும் போடவில்லை. அவர் சொன்னதையே அடித்தேன்: பதினாறு வருஷமாக எங்கள் அலுவலகத்தின் சாவி இவரிடம் இருக்கிறது. கடிதத்தை வாங்கிக்கொண்டு படிவரை ஓடிய லெச்சுமி அக்கா திரும்பி வந்து, “எனக்கும் இதுல ஒரு கொப்பி குடுங்க மிஸ்” என்றார். நானா வீதியில் இறங்கி நின்று, “மல்லி, இக்மனட்ட!” என்று சிங்களத்தில் த்ரீவீலர்த் தம்பியை அவசரப்படுத்தி அக்காவை ஏற்றிவிட்டார்.

அதன் பிறகு மூன்று பேரும் ஒரு வேலையும் செய்யவில்லை. மூன்றேகாலுக்குப் போன் வந்தது.

“குடுத்துட்டேன் மிஸ்! அந்த ஐயா படிச்சிட்டு, சாவி ஒங்ககிட்டயான்னு கேட்டாரு. பையிலருந்து சாவிக் கொத்த எடுத்து மேசையில வச்சேன். சிரிச்சிட்டு சீல் குத்துனாரு.”

சேர் கையைத் தட்டினார். நானா மூக்கைத் துடைத்துக்கொண்டு, மிளகுதான் காரணம் என்றார்.

5. பால் காய்ச்சிய நாள்

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் வேலையைச் சரிபார்க்கிறவருக்கும் ஒரு சின்ன வேலை மிச்சம் வையுங்கள், அவரும் மனுஷர். ஆனால் வாசலில் ஒருவர் குடையோடு நிற்கும்போது அந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்.

சில மாதம் கழித்து, நாலாம் மாடியில் லெச்சுமி அக்கா பால் காய்ச்சினார். மூன்று பேரும் போனோம். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கடிதத்தின் கொப்பியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். சேர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு நின்றபடி வாசித்தார். நானா பக்கத்தில் நின்று வாசித்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டிப் பார்த்தேன். இரண்டாம் பந்தியில் ஓர் எழுத்துக் குறைவு. சத்தியமாக நான் போடவில்லை. பழகிய கை, தானாகவே போட்டிருக்கிறது.

சேரின் கை சட்டைப் பைக்குப் போனது. பச்சைப் பேனை வெளியே வந்தது. லெச்சுமி அக்கா பால் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் குறுக்கே வந்து நின்றார்.

“அதுல மட்டும் கை வைக்காதீங்க ஐயா. அதுக்குத்தான் இந்த வீடு கெடச்சிச்சு.”

சேர் பேனையை மூடினார். பையில் வைத்துவிட்டு, “பால் எங்க?” என்று கேட்டார்.