பிணைக்கு ஒரு ஆள்

கண்டாவளையில் எங்கள் பக்கத்து வளவில் ஒரு முன்னாள் கிராமசபைத் தலைவர் இருந்தார். பதவி போய்ப் பல வருடமாகியும் பேச்சு மட்டும் போகவில்லை. போர்க்காலத்தில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை என்பதால் அவருடைய மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவா, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவா. அந்த டைனமோவில்தான் வானொலி பேசும். செய்தி முடிந்ததும் தலைவர் கதிரையில் நிமிர்ந்திருந்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்லத் தொடங்குவார்.

"பக்கத்து வீடு எரியேக்கை பாத்துக்கொண்டு நிக்கிறவன் மனிசனே? வல்லரசுகள் இறங்கவேணும். உள்நாட்டு விவகாரம் எண்டு கைகழுவ ஏலாது!"

ஐரோப்பாவில் எந்தப் படை எங்கே இறங்கவேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியும். இன்றைக்குக் கிளிநொச்சிக்குப் பஸ் ஓடுமா என்று மட்டும் தெரியாது. எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் தவறாமல் போய்க் கேட்பேன். வன்னிக்கு வெளியே இன்னும் ஓர் உலகம் இருக்கிறது என்று யாராவது சொல்லவேண்டியிருந்தது.

அந்த மாரியில் அம்மாவின் மார்பில் கட்டி கண்டது. வவுனியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார் டொக்டர். வன்னியை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். கூடப்போகிற என்னைப்போன்ற இளம்பெண்ணுக்கோ பிணைக்கு ஒரு ஆள் கையெழுத்து வைக்கவேண்டும். நான் திரும்பி வராவிட்டால் அவர்தான் பதில் சொல்லவேண்டும். பிறகு அவருக்குப் பாஸே கிடையாது. அப்பா இல்லை, சொந்தங்களும் சிதறிவிட்டார்கள். தலைவரிடம் போனேன்.

"பிள்ளை, இது உங்கட குடும்ப விசயம்," என்றார். "நான் பொதுமனிசன். உனக்கு வைச்சா நாளைக்குப் பத்துப்பேர் வருவினம். இப்பிடியானதுகளிலை நான் எப்பவும் நடுநிலை."

ஊருக்குத்தான் உபதேசம். அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. குசினிக்குள்ளிருந்து மாமி கையைத் துடைத்தபடி வந்தா.

"வா, நான் வைக்கிறன்."

மாமியின் ஒரே மகள் கொழும்பில் இருந்தா. அவவைப் போய்ப் பார்க்கத்தான் மாமி தானும் பாஸுக்கு அலைந்துகொண்டிருந்தா. தலைவர் வாயைத் திறந்தார். மாமி திரும்பியும் பார்க்கவில்லை.

வவுனியாவில் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, அம்மாவை அங்கேயே இருந்த சின்னம்மா தன் வீட்டில் வைத்துக்கொண்டா. நான் புறப்பட்டபோது வாசலை மறித்தா. "திரும்பிப் போக உனக்கென்ன விசரே?"

எனக்கும் போக மனமில்லை. சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து வானத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நாட்களில் சாப்பிட்ட ஒரு வாய் சோறும் நிம்மதியாக இறங்கவில்லை. வெளியே நின்றும் நான் உள்ளேதான் இருந்தேன். மாமியை அங்கே மாட்டிவைத்துவிட்டு எப்படி வாழ்வது? அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளிக்கிட்டேன்.

நான் கண்டாவளைக்கு வந்து சேர்ந்தபோது மாமி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. ஓடிவந்து கட்டிப்பிடிப்பா என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் முகம் கறுத்துப்போனது. சுளகை வைத்துவிட்டு எழுந்தா.

"ஏனடி வந்தனி? நீயெண்டாலும் தப்பட்டும் எண்டுதானேயடி கையெழுத்து வைச்சனான்."