தாம்பரத்துக்கு மிக அருகில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியைப் போட்டால் போதும், மனையும் வீடும் விற்க வந்துவிடுவார்கள். சீரியலில் மருமகளைப் படுத்தி எடுக்கும் மாமியார் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பொட்டல்வெளியில் நிற்பார். பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர். "தாம்பரத்துக்கு மிக அருகில்! ரயில் நிலையம் ஐந்தே நிமிடம்! மருத்துவமனை பத்தே நிமிடம்! கல்லூரிக்கு எதிரில்!" என்று அவர் அடுக்க, அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா சார்!" என்று வாயைப் பிளப்பார். அரை மணி நேரம் இதே கூத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடமோ சிங்கப்பெருமாள் கோவிலையும் தாண்டி உள்ளே. அதற்குப் பெயர் தாம்பரத்துக்கு அருகிலாம்.

அப்பாவுக்கு அது பிடிக்கும், சிரிப்பதற்காக. "பத்து நிமிஷமா? இவன் பறந்து போவான் போல" என்பார். அம்மா சமையலறையில் இருந்தபடியே அடுத்த வரியைச் சொல்லிவிடுவாள். பம்மல் வாடகை வீட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த அரை மணி நேரம்தான்.

இவ்வளவு திட்டிய நானேதான் அங்கே வீடு வாங்கினேன். அப்பா ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சுவலி வந்து பிழைத்திருந்தார். அடுத்த முறை வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பம்மலில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ திரும்பவே திணறும். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் கவலை. அந்தப் பத்து நிமிடம் எனக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. இடம் பார்க்க அவர்களே வேனில் கூட்டிப் போனார்கள், கையில் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். வழியில் நான் வாட்சைப் பார்க்கவே இல்லை. இன்று நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் பெண்ணுக்குப் பரீட்சை முடிந்ததும் நாங்களும் போய்விடுவதாக ஏற்பாடு. அதுவரை அப்பாவும் அம்மாவும் மட்டும் அங்கே. சுற்றிலும் காலி மனைகள். தெருவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எதிரில் இருப்பதாகச் சொன்ன கல்லூரியும் வரவில்லை, அங்கே மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா முதலில் ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "வண்டிக்குச் சொல்லிட்டேன், நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு" என்றாள். பதறாமல்தான் பேசினாள். நான் தாம்பரத்தில் ஆபீஸை விட்டுக் கிளம்பி, ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். அவர்கள் அதற்குள் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். வரவில்லை. வாசலிலேயே நின்றேன். கடைசியில் வண்டி வந்தபோது அப்பா வழியிலேயே போயிருந்தார்.

டிரைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது.

"அந்தம்மா மேல தப்பு இல்ல சார். ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம், காலேஜுக்கு எதிர்லன்னு சொல்லிகினே இருந்தாங்க. எத்தினி தபா கேட்டாலும் அதேதான். அப்டி சொல்ற நகர் அந்தப் பக்கம் மூணு கீது சார். ரெண்டுல பூந்து பாத்துட்டு, மூணாவதாத்தான் உங்க வூட்டுக்கு வந்தோம்."

அம்மாவுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. மனை எண் பத்திரத்தில் இருந்தது, பத்திரம் என் பீரோவில் இருந்தது. அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்க எனக்குத் தோன்றவில்லை. விளம்பரம் சொன்ன முகவரியைத் தவிர அவளிடம் வேறு முகவரி இல்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, கழுவிய பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டே அம்மா என்னிடம் கேட்டாள்.

"நான் அட்ரஸ் சரியாத்தானேடா சொன்னேன்?"

"சரியாத்தாம்மா சொன்னே."

"அப்புறம் ஏன்டா அவங்களுக்கு வழி தெரியல?"

அவள் கையிலிருந்த துணியை வாங்கி, மிச்சப் பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தேன்.