மதினி கேட்டு வாங்கிய வறுவல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பதினோரு வருடம் யோசித்துவிட்டேன். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அவர் முகத்துக்காகப் பேசாமல் இருந்தேன். அவர் போன பிறகு முருகனுக்குப் பயந்து இருந்தேன். கார்த்திகைக்குக் கார்த்திகை விரதம் இருக்கிறவள் மனதில் இப்படி ஒன்றை வைத்திருக்கலாமா? வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு காலையில் மகள் வீடியோ காலில் வந்தாள். அமெரிக்காவில் தெற்குப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் இருக்கிறாள். அடுப்படியைக் காட்டி, "யம்மா, இது என்ன கறி சொல்லு பாப்போம்" என்றாள். கோழி என்றேன்.

"முதலை. இங்கன கடையிலயே விக்கிறாக. பக்கத்து வீட்டக்கா சொல்லிக் குடுத்தாக."

முகத்தைச் சுளித்துவிட்டேன். நானே இப்படி என்றால் என் நாத்தனாரை என்ன சொல்ல? மோரில் ஊறிய துண்டுகளை எடுத்து, மிளகாய்த்தூள் கலந்த சோளமாவில் புரட்டி எண்ணெயில் போட்டாள். அந்தச் சத்தத்தில் எனக்கு முதலை மறந்துபோய் விலாங்கு ஞாபகம் வந்துவிட்டது.

விலாங்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பார்க்கப் பாம்பு மாதிரி இருக்கும், ஆனால் மீன்தான். சுருளிப்பட்டியில் என் அய்யா வாய்க்காலில் பிடித்து வருவார். அம்மா சாம்பல் தேய்த்து வழுவழுப்பை எடுத்து, சேற்று வாடை போகப் புளித்த மோரில் ஊறவைப்பாள். பூண்டு, மிளகாய்த்தூள், அரிசிமாவு, கடலை எண்ணெய். அவ்வளவுதான். தெருவே மணக்கும்.

எனக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம், அய்யா ஒரு விலாங்கை ஈரச்சாக்கில் சுற்றி இரண்டு பஸ் மாறி, நான் வாழ்க்கைப்பட்ட கூடலூருக்கு வந்தார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சாக்கைப் பிரித்ததும் என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், அதைக் குச்சியால் தூக்கிக் குப்பைக்குழியில் எறிந்தார்.

"ஏலே தம்பி, பாம்பு திங்கிற வீட்லயாடா பொண்ணெடுத்தோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். அய்யாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு தாயி" என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். சாகும்வரை எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

அன்றைக்கே சாமி படத்துக்கு முன்னால் நின்று கேட்டேன். இந்த மீனை மதினி என் கையால் வாங்கித் தின்ன வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்க வேண்டும். பிள்ளை வரம் கேட்டதுகூட அப்புறம்தான்.

முருகன் அவசரப்படுகிறவர் இல்லை. இருபது வருடம் ஆனது. அய்யா செத்த மறுவருடம், வாய்க்காலில் தண்ணீரை அடைத்த சமயம், என் தம்பி ஒரு விலாங்கு பிடித்துக் கொண்டுவந்தான். அன்று மதினி விருந்துக்கு வருகிற நாள். ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் மீன் எடுத்தால் தலைத்துண்டு அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்குத்தான். விலாங்குத் தலையை வைத்தால் பார்த்ததும் தெரிந்துவிடும், தலையே இல்லாவிட்டால் மதினி கேட்பார். அதனால் ஒரு விராலும் வாங்கி, அதன் தலையைக் குழம்பில் போட்டு அவர் இலையில் வைத்தேன். விலாங்கைத் தோலுரித்து, நடுமுள்ளை உருவி, துண்டு போட்டு வறுத்துப் பக்கத்தில் வைத்தேன். தலையைப் பார்த்தவர் வறுவலைச் சந்தேகப்படவில்லை.

"விராலு இன்னிக்கு மெத்துன்னு இருக்கே" என்றார். மறுபடி வைத்தேன். மூன்றாம் தடவை அவரே இலையைத் தட்டினார். "இங்கன இன்னும் ரெண்டு வையி." மென்றுகொண்டே சிரித்தார். "ஒங்கய்யா ஒரு பாம்பக் கொண்டாந்தாரே, ஞாபகம் இருக்கா? அதையும் இப்பிடித்தான் பொரிப்பீகளோ?"

"ஆமா மதினி. இப்பிடியேதான்."

நான் பொய் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் வாந்தி எடுத்து அதோடு மறந்துவிடுவார். செரித்து உடம்பில் ஒட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்த வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். விலாங்கு ஒளியச் சேறு இல்லை. தம்பி பிடித்ததுதான் நான் பார்த்த கடைசி. அய்யா இல்லை, வீட்டுக்காரர் இல்லை. மதினி இருக்கிறார், கூடலூரில்தான். கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். நான் வருத்தப்பட்டதாக ஒரு வரி சேர்க்கவும் வேண்டாம். இலையைத் தட்டிக் கேட்ட இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள்.