சட்டையில் ஒட்டிய சிவப்பு அம்பு

நகக்கண் அளவுதான் இருக்கும் அந்தச் சிவப்பு அம்பு. ஆரோ ஸ்டிக்கர் என்போம். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதை ஒட்டத்தான். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், எதைக் கண்டாலும் அம்பின் முனை அதைக் காட்டும்படி ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுக்க வேண்டும். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்களில், நல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க எனக்கு அதுதான் வேலை. அதே அம்பை ஒரு நாள் என் மூன்று வயது மகனின் சட்டையில் பார்த்ததும் கோபம் தலைக்கேறியது.

ஒட்டியவர் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட அக்கா. மகனுக்கு நிலக்கடலை ஆகாது, ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சுத் திணறும் என்று டாக்டர் சொன்னதை, அவனைக் காப்பகத்தில் சேர்த்த அன்றே அவரிடம் சொல்லியிருந்தேன். தெற்கே ஊரில் என் சொந்தக்காரர்கள் அதை நம்பவில்லை. ஒரு கடலையில் என்ன வந்துவிடும் என்றார்கள். அக்கா நம்பினார். கடலை மிட்டாய் தின்ற பிள்ளைகளுக்குக் கையும் வாயும் கழுவிவிட்ட பிறகுதான் அவனோடு விளையாட விடுவார். அவருடைய பயமெல்லாம் டீ நேரத்தில் வருகிறவர்களைப் பற்றித்தான். கொஞ்சிப் பேச வருகிறவர்கள் கையில் இருப்பதைப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுப் போவார்கள்.

“எம்புள்ள என்ன ரிஜெக்ட் பீஸாக்கா?” என்று சண்டைக்குப் போனேன்.

“அப்படியில்லீங் கண்ணு. எழுதி மாட்டுனா இந்திக்காரப் பசங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்க. அம்பப் பாத்தா கம்பெனில அத்தன பேரும் கைய நிறுத்தி என்னன்னு பாப்பாங்கல்லங்க?”

பதில் சரியாகத்தான் இருந்தது. மனம்தான் கேட்கவில்லை. ஆயுத பூசையன்று எல்லோரும் குடும்பத்தோடு கம்பெனிக்கு வந்திருந்தார்கள். மகனுக்குப் புதுச் சட்டை. வாசலிலேயே அக்கா அதில் அம்பை ஒட்டினார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் என் பிள்ளை பழுதாக நிற்பதா என்று, அவர் அந்தப் பக்கம் போனதும் உரித்துக் கசக்கிப் போட்டேன். பொரியோடு வறுத்த நிலக்கடலையும் கலந்து கொடுத்தார்கள். நான் வரிசையில் நின்ற நேரத்தில் கட்டிங் மாஸ்டர் ஆசையாக அவன் வாயில் ஒரு பிடி போட்டுவிட்டார்.

திரும்பிப் பார்த்தபோது உதடு தடித்திருந்தது. அக்காதான் அவனைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வேனுக்கு ஓடினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவன் நெஞ்சில் கேட்ட இழுப்புச் சத்தத்தைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. தொடையில் ஊசி போட்ட பிறகு மெல்ல மூச்சு சீரானது. வெளியே மாஸ்டர் அழுதுகொண்டிருந்தார். “சட்டைல அம்பு இல்லீங்களே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உரித்தது யார் என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் எனக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். மறுபடி வேலைக்குப் போன அன்று ஸ்டிக்கர் தாளை நீட்டி, “இனி எங்கீங் கண்ணு ஒட்டட்டும்?” என்று மட்டும் கேட்டார். வாங்கி, அவன் நெஞ்சில் நானே ஒட்டினேன்.

மகன் இப்போது கல்லூரி விடுதிக்குக் கிளம்புகிறான். சாப்பாட்டுத் தட்டில் ஒட்ட வேண்டும் என்று ஒரு தாள் ஸ்டிக்கர் கேட்டான். வெளியூரில் இது யாருக்குடா புரியும் என்றேன்.

“நான் சொல்லிக்கறேம்மா. நீ உரிக்காம இருந்தாப் போதும்,” என்று சிரித்தான்.

மூன்று வயதில் நடந்தது, மறந்திருப்பான் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.