அத்தையின் வெளிர்மஞ்சள் ஐரிஸ்

1. பிரான்சிலிருந்து வந்த அத்தை, ஐரிஸ் என்னும் பூச்செடியின் கிழங்கு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்.
2. எங்கள் கோவில்பத்து வீட்டுக் கொல்லையில் மணல் மேடு கட்டி, கிழங்கின் முதுகு வெயிலில் தெரியும்படி நட்டார்.
3. அவர் திருநள்ளாறு போயிருந்த சனிக்கிழமை, அப்பா அதன்மேல் மண்ணைக் குவித்துத் தண்ணீர் விட்டார்.
4. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரைக் கட்டிக்கொண்டு போனவர். மாமா இறந்தபின், பிள்ளையும் இல்லாததால், இங்கேயே இருந்துவிட முடியுமா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். கிழங்கு அங்கே பக்கத்து வீட்டு அம்மாள் பிரித்துக் கொடுத்தது. அந்த அம்மாளுக்கு அவருடைய தாயார் கொடுத்தது. இப்போது கடைகளில் கிடைக்காத பழைய ரகம். அத்தை கைப்பேசியில் பூவின் படம் காட்டினார். எலுமிச்சை சாதத்தைவிட வெளிறிய மஞ்சள். கீழ் இதழ்களில் தாடிபோல ஒரு மயிர்வரிசை.

குளிர் இல்லாத ஊரில் அது பூக்காது என்று படித்துவிட்டுச் சொன்னேன். “பூக்காட்டிப் போவுது. வேர் புடிச்சா போதும். புடிச்சுதுன்னா நானும் இங்கயே இருந்துடுவேன்டி,” என்றார். இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

கிழங்கை மண்ணால் மூடினால் அழுகிவிடும் என்பதை எனக்கும் அப்பாவுக்கும் சொல்லியிருந்தார். அப்பா சிரித்தார். “பொங்கலுக்குப் பொங்கல் மஞ்சக்கொத்து வெட்டுற கைக்கு நீ பாடம் எடுக்கிறியா? பிரான்சுக் கிழங்குன்னா காத்து வாங்கணுமோ?”

அந்தச் சனிக்கிழமை மாலை வந்து பார்த்த அத்தை, அண்ணன் கைவைத்ததைக் கலைக்கத் தயங்கினார். அப்பா தினமும் தண்ணீர் விட்டார்.

ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. தவறான அளவைக் கண்டால் நான் சும்மா இருப்பதில்லை. அன்று இருந்தேன். அத்தை தங்கியிருந்தது என் அறையில்; நான் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

மூன்றாம் வாரம் இலைகள் சாய்ந்தன. அத்தை தோண்டினார். கிழங்கு கூழாகி நாறியது. கையைக் கழுவிக்கொண்டு, “டிக்கெட் போட்டுக் குடு பாப்பா,” என்றார்.

“ஒரு கிழங்குக்கா இவ்வளவு கோவம்?” என்றார் அப்பா.

“அது செத்ததுக்கு இல்லண்ணே. மூடாதேன்னு சொன்னேன்ல.”

டிக்கெட்டை நான்தான் போட்டேன்.

இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அத்தை அங்கே தனியாக இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் அவரை வரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.